"எங்கை போறீர்?": யாழ்ப்பாணத்து நிறுவனம் ஒன்றில் ஒரு வேலை விலகல்

இதில் வருபவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆட்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசையை மாற்றவில்லை. நானும் இதில் வெளியாள் இல்லை. அந்த நிறுவனத்தின் மாதக் கணக்கையும் ஊழியர் சேமலாப நிதிப் படிவங்களையும் வெளியிலிருந்து பார்த்துக் கொடுப்பவன். விலகியவருக்கு யோசனை சொன்னவனும் நான்தான். அந்த யோசனையில் பாதி சரி, பாதி பிழை.

பின்னணி

நிறுவனம் யாழ் நகருக்குள் இருக்கிறது. பெயின்ற், பிவிசி குழாய், மின்வயர் போன்ற கட்டடச் சாமான்களைக் கொழும்பிலிருந்து எடுத்துக் குடாநாட்டுக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பதுதான் தொழில். 22 பேர் வேலை செய்கிறார்கள். முதலாளிக்கு அறுபது தாண்டிவிட்டது. யுத்த காலத்தில் சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு போய் விற்றுத் தொடங்கியவர். ஆட்களை நம்புவார், நம்பினவர் போய்விட்டால் அதைத் துரோகம் என்றுதான் எடுப்பார்.

விலகியவருக்கு 33 வயது. சுன்னாகம், தெல்லிப்பழை, பருத்தித்துறைப் பக்கத்துக் கடைகளின் ஓடர், கடன், காசோலை எல்லாம் இவர் கையில். மொத்தம் 41 கடைகள். எந்தக் கடைக்கு எத்தனை வீதம் கழிவு, யார் 45 நாளில் காசு தருவார், யாருடைய காசோலை திரும்பி வரும் என்பதெல்லாம் கொம்பியூட்டரில் இருப்பதைவிட இவர் தலைக்குள் அதிகம். 7 வருடமும் 4 மாதமும் வேலை செய்திருந்தார். அடிப்படைச் சம்பளம் 68,000 ரூபா.

அவருக்கு 90,000 தருவதாகக் கேட்டவர் கோண்டாவில் பக்கம் புதிதாகக் களஞ்சியம் போட்டிருந்த இன்னொரு விநியோகஸ்தர். வேறு பெயின்ற், அதே கடைகள். இரண்டு முதலாளிமாரும் ஒரே கோவிலின் பரிபாலன சபையில் இருக்கிறார்கள். இதை நான் முதலிலேயே ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொரு பழைய கதையும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு விற்பனைப் பிரதிநிதி இப்படியே போட்டிக்காரரிடம் போனார். கடிதம் கொடுத்த அன்றே மோட்டார் சைக்கிள் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மாதக் கொமிஷனை எடுக்க அவர் நாலைந்து தரம் வந்து போனதைக் கடையில் எல்லோரும் கண்டார்கள். வேலையாட்கள் மனதில் இருந்த விதி அன்றைக்கு எழுதப்பட்டதுதான்: போற இடத்தைச் சொல்லக்கூடாது.

கடிதத்துக்கு முன்னர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். புதிய முதலாளி வாயால் எல்லாம் சொல்லிவிட்டார், கடிதம் "வந்து சேர்ந்தாப் பிறகு தாறன்" என்றாராம். அடுத்த நாளே விலகல் கடிதம் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

நான் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, கையெழுத்திட்ட நியமனக் கடிதம் வரும்வரை இங்கே வாய் திறக்காதீர். வாய்ப்பேச்சுக்கு இருக்கிற வேலையை விட்டுவிட்டு, அவர் மனம் மாறினால் நடுத்தெருவில் நிற்க வேண்டி வரும். இந்த ஊரில் அப்படி நின்ற இருவரை எனக்குத் தெரியும். இரண்டு, கடிதம் கொடுத்த பிறகும் போகும் இடத்தின் பெயரைச் சொல்லாதீர். விலகல் கடிதத்தில் காரணமோ அடுத்த இடமோ எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. அவருடைய நியமனக் கடிதத்தையும் வாங்கிப் பார்த்தேன். ஒரு மாத முன்னறிவிப்பு, நிறுவனத் தகவலை வெளியே கொடுக்கக்கூடாது, இவ்வளவுதான். போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஒரு வரியும் இல்லை.

முதலாவதுக்காக ஒன்பது நாள் காத்திருந்தார். நியமனக் கடிதம் வந்தது. சம்பளம் எழுத்தில் 90,000 என்றே இருந்தது, ஆனால் வாயால் சொன்ன பெற்றோல் படியைக் காணவில்லை. கேட்டுச் சேர்ப்பித்தார். இந்த ஒன்பது நாளைப் பற்றி எனக்கு இன்றுவரை மறுயோசனை இல்லை.

முதலாம் நாள்

திங்கள் காலை கடிதம் கொடுத்தார். நல்லூர்க் கோவில் திருவிழாவுக்குக் கொடியேற ஐந்து கிழமை இருந்தது. வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வரும் காலம், வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பார்கள், கடைகள் ஓடருக்கு மேல் ஓடர் போடும். முதலாளி கடிதத்தைப் படித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்கை போறீர்?"

"இப்ப சொல்லேலாது ஐயா, குறை நினையாதேங்கோ" என்று சொல்லத்தான் நாங்கள் பேசி வைத்திருந்தோம். ஏழு வருடம் சாப்பாடு தந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வசனத்தைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவர் வாயில் வந்தது: "கொழும்பிலை ஒரு இடம் ஐயா."

நான் மறைக்கச் சொன்னேன், பொய் சொல்லச் சொல்லவில்லை என்று எனக்கு நானே பிறகு பலதரம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கேள்வி எப்படி வரும், என்ன தொனியில் வரும் என்று யோசிக்காமல் "சொல்லாதீர்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் ஆள் பொய்யில் போய்த்தான் விழுவார்.

பொய் கோபத்தைக் கொண்டுவரவில்லை, அன்பைக் கொண்டுவந்தது. அதுதான் மோசம். "கொழும்போ? தங்க இடம் இருக்கே? வெள்ளவத்தையிலை என்ர மச்சான்ர அனெக்ஸ் ஒண்டு சும்மா கிடக்கு, கேட்டு விடட்டோ?" என்றார் முதலாளி. மத்தியானத்துக்குள் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. கணக்குப் பிரிவில் இருக்கும் தங்கச்சி ஆளுக்கு 500 ரூபா சேர்க்கத் தொடங்கினார், கொழும்புக்குப் போகிறவருக்கு ஒரு பயணப்பை வாங்க.

அன்று பின்னேரமே மனம் பொறுக்காமல் ஸ்ரோர் கீப்பரிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். "ஒருத்தருக்கும் சொல்லாதை மச்சான்." அவரும் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

பெயர் வெளியே வந்த விதம்

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. சுன்னாகத்துக் கடைக்காரர் ஒருவர் 20 வாளி பெயின்றுக்கு ஓடர் போடப் போன் எடுத்தார். போனை எடுத்தது முதலாளி. ஓடரைச் சொல்லி முடித்து, சாதாரணமாகக் கேட்டாராம்: "உங்கட ஆள் கோண்டாவிலுக்குப் போறாராமே ஐயா, இனிக் கடன் விஷயம் ஆரோடை கதைக்கிறது?"

கடைக்காரருக்கு எப்படித் தெரியும் என்று பிறகு தேடிப் பார்த்தேன். புதிய நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் முந்தின கிழமையே கடை கடையாகச் சொல்லித் திரிந்திருக்கிறார், "உங்கட கணக்கு வழக்கெல்லாம் தெரிஞ்ச ஆள் எங்களிட்டை வாறார்" என்று. அவருக்கு அது விளம்பரம். அவரிடம் யாரும் வாயைப் பொத்தச் சொல்லவில்லை. நாங்கள் பழைய இடத்தின் வாய்களை எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தோம், புதிய இடத்துக்கும் வாய் உண்டென்று நினைக்கவில்லை.

முதலாளி உடனே ஆளைக் கூப்பிடவில்லை, ஸ்ரோர் கீப்பரைக் கூப்பிட்டார். "உமக்குத் தெரியுமோ?" அவர் "ஓம்" என்றார். பொய் சொல்லி நண்பனைக் காப்பாற்றவும் இல்லை, முதலாளியிடம் போய்க் கோள் சொல்லவும் இல்லை, நேர்மையாகத்தான் நடந்தார். ஆனால் அந்தக் கிழமை முழுக்க அதிகம் வாங்கிக் கட்டியவர் அவர்தான். முதலாளிக்கு அவர் மறைத்தவர், மற்ற வேலையாட்களுக்கு, யார் சொன்னார்களோ தெரியாது, அவர்தான் போட்டுக்கொடுத்தவர். ஒரு இரகசியத்தை ஒருவரிடம் இறக்கி வைத்தால் எங்களுக்குப் பாரம் குறையும், அந்த ஆள் தலையில் அது ஏறும். இதை நானும் அப்போது யோசிக்கவில்லை.

பத்தாம் நாள், அறைக்குள்

புதன் காலை என்னை வரச்சொல்லி முதலாளியிடமிருந்து போன். போனதும் முதல் வசனத்திலேயே எனக்குத் தெரிந்திருந்ததைச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நீரும் தெரிஞ்சுகொண்டுதான் என்ர தேத்தண்ணியைக் குடிச்சனீர்" என்றார். அதற்குப் பதில் இல்லை.

பிறகு மூன்று விஷயம் கேட்டார். இண்டைக்கே வீட்டுக்கு அனுப்பலாமா? பணிக்கொடையை, கடையில் எல்லோரும் கிராஜுவிற்றி என்பார்கள், நிறுத்தி வைக்கலாமா? சேமலாப நிதியில் கை வைக்கலாமா?

கடைசிக் கேள்வி கோபத்தில் வந்தது. ஊழியரின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மத்திய வங்கியில் அந்த ஊழியரின் பெயரில் இருக்கும் காசு. அதில் முதலாளி கை வைக்க வழியே இல்லை. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி கட்டும் 3 வீதமும் அப்படித்தான். கடைசி மாதப் பங்கையும் வழக்கம்போல அடுத்த மாத முடிவுக்குள் கட்டியாக வேண்டும்.

பணிக்கொடை விஷயத்தில்தான் கனநேரம் இருந்தோம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தியாக்கியவருக்கு, முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம். அவர் தானாக விலகினாலும் உண்டு. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகமும் சேர்த்துக் கட்ட வேண்டும். மோசடி, கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் போன்றவற்றுக்காக வேலையை விட்டு நீக்கினால்தான், அதுவும் நட்டத்தின் அளவுக்கு, பிடிக்கலாம். போட்டிக்காரரிடம் போவது அந்தப் பட்டியலில் இல்லை, எங்கே போகிறேன் என்று பொய் சொன்னதும் இல்லை. கணக்கைப் போட்டுக் காட்டினேன்: 34,000 பெருக்கல் 7, மொத்தம் 238,000 ரூபா. மிச்சம் நாலு மாதத்துக்கு ஒன்றும் இல்லை.

"பொய் சொன்னதுக்கு ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். அந்த நேரம் அவருக்குக் காசு பெரிதாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். மச்சானுக்குப் போன் எடுத்து அனெக்ஸ் கேட்டுவிட்டார். அந்த வெட்கம்தான் பெரிது. ஆள் கோண்டாவிலுக்குப் போவதை முதல் நாளே சொல்லியிருந்தால் கத்தியிருப்பார், அனுப்பியும் இருப்பார், ஆனால் ஒரு கடைக்காரர் வாயால் கேட்டிருக்க மாட்டார். முதலாளி பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. 41 கடைகளுக்கும் யார் போய்க் கதைப்பது என்று ஒழுங்கு பண்ண அவருக்குக் கிடைத்த ஒன்பது நாளும் வீணாகப் போனது, கொழும்புக்குப் போகிறவர் போட்டிக்காரர் இல்லையே என்ற நினைப்பில்.

அன்றே அனுப்புவதைத்தான் நான் தடுத்தேன். விலகுபவருக்காக மட்டும் இல்லை. 41 கடைகளின் நிலுவையும் அவர் தலைக்குள் இருக்கிறது, ஆளை அனுப்பினால் அதுவும் அவரோடு கோண்டாவிலுக்குப் போகும். கடைசியில் எடுத்த முடிவு: புதிய ஓடர் ஒன்றும் எடுக்கக்கூடாது, விலைப்பட்டியல் கொம்பியூட்டர் கடவுச்சொல்லை மாற்றுவது, மிச்சம் மூன்று கிழமையும் சம்பளத்தோடு ஒப்படைப்பு மட்டும்.

ஒப்படைப்பு

அவரும் புதிதாகப் பொறுப்பெடுத்தவரும் ஒன்றாக மோட்டார் சைக்கிளில் கடை கடையாகப் போனார்கள். ஒவ்வொரு கடையிலும் நிலுவையை எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து, இருவரும் கையெழுத்து. பின்திகதியிட்ட காசோலைகளுக்கு வேறு பட்டியல். முதலில் அவருக்கு இது அவமானமாகப் பட்டது, தன்னைக் கள்ளன்போல நடத்துவதாக. நான் சொன்னது, இந்தத் தாள்கள் முதலாளியைவிட உமக்குத்தான் தேவை. நீர் போய் மூன்று மாதம் கழித்து ஒரு கடையில் கணக்கு இடித்தால், கையாடல் என்ற சொல் எங்கே வரும் என்று யோசியும்.

ஒரு கடையில் உண்மையாகவே இடித்தது. 12,500 ரூபா. தைப்பொங்கல் நேரம் வாயால் கொடுத்த கழிவை யாரும் பதியவில்லை. அவர் பக்கத்திலேயே நின்றதால் அரை மணித்தியாலத்தில் தீர்ந்தது. பொங்கலுக்கு முன்னர் பெயின்ற் விற்கிற அவசரத்தில் இப்படி எத்தனை கழிவு வாயோடு போயிருக்கும் என்பது வேறு கதை.

கடைக்காரர்கள் எல்லோரும் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். இந்தமுறை "கோண்டாவிலுக்கு" என்றார். "அங்கை என்ன விலைக்குத் தருவியள்?" என்று கேட்ட இரண்டு பேருக்கு, "இப்ப நான் இவையின்ர சம்பளத்திலை நிக்கிறன், அதைக் கதைக்கேலாது" என்று சொன்னதாகக் கூடப் போனவர் முதலாளியிடம் வந்து சொன்னார். அதற்குப் பிறகு முதலாளி அவரோடு இரண்டொரு வார்த்தை கதைக்கத் தொடங்கினார்.

கோவிலில் முடிந்த பேச்சு

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு இரண்டு முதலாளிமாரும் வெளிவீதியில் நின்று கதைத்திருக்கிறார்கள். என்ன கதைத்தார்கள் என்று இருவரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள், அதனால் நம்புகிறேன். முதல் மூன்று மாதம் இவரைச் சுன்னாகம், தெல்லிப்பழை, பருத்தித்துறைக் கடைகளுக்கு அனுப்புவதில்லை என்று புதியவர் வாக்குக் கொடுத்தார். எழுத்து ஒன்றும் இல்லை. சம்பந்தப்பட்டவரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அதன் விலையை அவர்தான் கட்டினார். புதிய இடத்தில் அவருக்குக் கிடைத்தது சாவகச்சேரி, கிளிநொச்சிப் பக்கம். ஏ9 வீதியால் கிளிநொச்சி ஒருவழி 65 கிலோமீட்டர் அளவு. தெரியாத கடைகள், முதல் மூன்று மாதமும் கொமிஷன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டுச் சேர்ப்பித்த பெற்றோல் படி இல்லாவிட்டால் பழைய சம்பளமே பரவாயில்லை என்றாகியிருக்கும்.

முடிவு

31 ஆம் நாள் கடைசி நாள். நிறுவனத்தின் சிம்மைக் கொடுத்தார், கடைக்காரர் வட்ஸ்அப் குழுவிலிருந்து முதலாளி முன்னாலேயே வெளியேறினார். கணக்குப் பிரிவுத் தங்கச்சி பயணப்பையைக் கொண்டுவந்து, பொலித்தீன் பிரிக்காமலே மேசையில் வைத்தார். "காசு சேர்த்து வாங்கினது, திருப்பிக் குடுக்கேலாதாம். கோண்டாவிலுக்குக் கொண்டுபோங்கோ அண்ணா." யாரும் சிரிக்கவில்லை.

பணிக்கொடைக் காசோலை விலகி 26 ஆம் நாள் கிடைத்தது, முழுத்தொகை. சேவைச் சான்றிதழ் பிந்தித்தான் வந்தது. அதில் பதவி, காலம், தன் விருப்பில் விலகினார் என்ற மூன்று விஷயமும்தான். வேறு ஆட்களுக்கு எழுதிய சான்றிதழ்களில் நன்னடத்தை பற்றி ஒரு பந்தி இருக்கும், நானே தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்டுப் பார்த்தேன். "எழுதினால் அதுவும் பொய்தானே" என்றார் முதலாளி.

மூன்று மாதம் முடிந்ததும் அவர் பழைய கடைகளுக்குப் போகத் தொடங்கினார். 41 இல் ஆறோ ஏழோ கடை இப்போது இரண்டு இடத்திலும் வாங்குகின்றன. முதலாளி பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ரோர் கீப்பர் அங்கேயே இருக்கிறார். இவரோடு கதைப்பார், முன்னைப்போல இல்லை.

நான் மாற்றிச் செய்வது

கடிதம் கையில் வரும்வரை வாயை மூடச் சொன்னதை மாற்ற மாட்டேன். அதற்குப் பிறகு பெயரை மறைக்கச் சொன்னதை மாற்றுவேன். கொழும்பில் ஒரு மாதம் மறைக்கலாம் போலிருக்கிறது. இங்கே ஒரே கடைகள், ஒரே கோவில், ஒரே கலியாண வீடுகள். ஒன்பது நாள் தாங்கினதே அதிகம். பெயர் எப்படியும் முதலாளி காதுக்குப் போகப் போகிறது என்றால், யார் வாயால் முதலில் போவது என்பது மட்டும்தான் எங்கள் கையில் இருக்கிறது. இன்றைக்கு அவரே வந்தால், கடிதம் நீட்டும் அதே நிமிடத்தில் இடத்தையும் சொல்லி, 41 கடை ஒப்படைப்புத் திட்டத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்வேன். அன்றே அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறதுதான். அதனால் முதல் நாள் இரவே தன் சம்பளத்துண்டுகள், சேமலாப நிதி இலக்கம், நியமனக் கடிதப் பிரதி எல்லாம் வீட்டில் இருக்க வேண்டும்.

எல்லோருக்கும் இதைச் சொல்வேனா? இல்லை. முதலாளி அடுத்த இடத்துக்குப் போன் எடுத்து வேலையைக் கெடுக்கிற ஆள் என்றால் "ஐயா, சேர்ந்த பிறகு நானே வந்து சொல்லுறன்" என்ற வசனத்தைப் பத்துத்தரம் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கி அனுப்புவேன். கொழும்பு, வெளிநாடு, சொந்தத் தொழில் ஒன்றும் வாயில் வரக்கூடாது. கூட வேலை செய்கிறவர்களில் ஒருவரிடமும், எவ்வளவு நெருக்கமானாலும், முதலாளிக்கு முதல் சொல்லக்கூடாது. புதிய இடத்திடமும், உங்கட ஆட்கள் இன்ன திகதிவரை கடைகளில் என் பெயர் எடுக்கக்கூடாது என்று கேட்க வேண்டும், முடிந்தால் அந்த நியமனக் கடிதம் வாங்கும்போதே.

முதலாளி இன்னும் சொல்வது, எனக்குத் தெரிந்ததும் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் தேத்தண்ணி குடித்தது பிழை. போன மாதம் அதே கடையில் இருந்து இன்னொருவர் விலகல் கடிதம் எழுதித் தரச்சொல்லி வந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, அவர் வாய் திறக்க முன்னரே சொன்னேன்: "தம்பி, எங்கை போறீர் எண்டதை மட்டும் எனக்குச் சொல்லாதையும்."